போத்தலில் அடித்த விலை

நான் இருக்கும் ஊரில் ஒரேயொரு கடைதான். வாசலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. வெறும் போத்தலை அதற்குள் வைத்தால், உள்ளே இருக்கும் இயந்திரம் அதைச் சுழற்றிப் பார்த்து, இந்த நாட்டுப் போத்தல்தான் என்று தெரிந்துகொண்டால் விழுங்கிவிடும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டைக் காசாளரிடம் நீட்டினால் காசு. சோடா வாங்கும்போதே போத்தலுக்கென்று தனியாக ஒரு தொகையை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெறும் போத்தல் திரும்பி வந்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். இதற்கு இங்கே 'பான்ட்' என்று பெயர். நோர்வேக்கு வந்த புதிதில் நான் இதை நம்பவேயில்லை. குடித்து முடித்த போத்தலுக்கு எந்தக் கடைக்காரன் காசு தருவான்? முதல் நாள் ஏதோ களவில் பிடிபடப் போகிறவன் போலத்தான் சீட்டை நீட்டினேன். இப்போது சனிக்கிழமை காலைகளில் ஒரு பை நிறையப் போத்தல்களோடு போய் ஆற அமர ஒவ்வொன்றாகப் போடுகிறேன். சில கிழமைகளில் எனக்கு அதிக நேரம் முகம் கொடுத்தது அந்த இயந்திரம்தான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இது நோர்வேயின் வடக்கே ஒரு தீவு. ஒரு காலத்தில் இங்கே மீன் வெட்டும் தொழிற்சாலை இருந்தது. எங்கள் ஆட்கள் பல குடும்பம் இருந்தோம். பொங்கலுக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையையே தந்தார்கள். தொழிற்சாலையை மூடியதும் எல்லோரும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். என் மகளும் அங்கேதான். மனைவியின் சாம்பல் மட்டும் இந்த ஊர் மண்ணில் இருக்கிறது, நானும் இருக்கிறேன். பிடிவாதம் என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும். பிறந்தது யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் சரவணை. ஒரு தீவில் பிறந்து இன்னொரு தீவில் வந்து கிடக்கிறேன். தமிழில் வாய்விட்டுப் பேச வேண்டுமென்றால் தொலைபேசியை எடுக்க வேண்டும். எடுத்தாலும் எல்லா நேரமும் எல்லோரும் கதைக்கத் தயாராக இருப்பதில்லை.

இந்த நாட்டில் நான் முதலில் கற்ற பாடம் தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு மின் கேத்திலால் வந்தது. வாங்கிச் சில மாதங்களிலேயே அது சூடாவதை நிறுத்திவிட்டது. துடைத்து மினுக்கி, வந்த பெட்டியிலேயே வைத்து, கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுபோவது என்பது கடைக்காரரை முகத்துக்கு நேரே கள்ளன் என்பதற்குச் சமம். அதனால் கொண்டுபோகிறவர் முதலில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். "எனக்குத்தான் பாவிக்கத் தெரியேல்லையோ என்னவோ" என்று இழுக்க வேண்டும். கடைக்காரர் "சீச்சீ, உங்களில என்ன பிழை, சாமான்தான் சரியில்லை" என்று சொல்லி வேறொன்று எடுத்துத் தருவார். இரண்டு பக்கமும் மரியாதை கெடாது. நானும் அந்த முறைப்படியே, தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில், "மன்னிக்கவும், பிழை என்னுடையதாக இருக்கலாம்" என்று தொடங்கினேன். அந்தப் பெண்பிள்ளை 'சீச்சீ' சொல்லவில்லை. "அப்படியா? உங்கள் பிழையென்றால் எங்களால் மாற்றித் தர முடியாது" என்று மிக அன்பாகச் சொல்லி, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

மறுநாள் தொழிற்சாலையில், என் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் ஆஸ்லாவ் என்பவரிடம் இதைச் சொன்னேன். இந்தத் தீவிலேயே பிறந்தவர், மலைபோல ஆள்.

"நீ அதைக் கீழே விழுத்தினாயா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகு ஏன் உன் பிழை என்று சொன்னாய்?"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"யாருடைய மரியாதைக்கு?"

 அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை, கேலி செய்யவில்லை. மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். 'ரெக்லமஷூன்' என்ற சொல்லை எனக்குச் சொல்லித் தந்தார்: சாமான் பழுதானால் வாங்கியவர் முறையிடும் உரிமை. நான் பேச வேண்டும், அவர் பேசமாட்டாராம். "இது பழுது. நான் ஒன்றும் செய்யவில்லை. வேறு வேண்டும்" என்று தலை குனிந்தபடியே சொன்னேன். புதுக் கேத்தில் வந்தது. யாரும் யாரையும் கள்ளன் என்று நினைக்கவில்லை. வெளியே வந்தபோது நான் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நான் லேசுப்பட்ட வாடிக்கையாளன் இல்லை. சாமான் அடுக்கிய தட்டில் ஒட்டியிருக்கும் விலை ஒன்று, காசாளரின் இயந்திரம் சொல்லும் விலை வேறொன்று என்றால், தட்டில் உள்ளதுதான் செல்லும் என்று நின்று வாதாடுவேன். ஒருமுறை பின்னால் ஒரு பெரிய வரிசை நிற்க, ஒரு சவர்க்காரக் கட்டிக்காகக் காசாளரைத் தட்டு வரை நடக்க வைத்தேன். வரிசையில் நின்ற ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அகதியாக வந்தவனுக்கு இந்த நாடு மொழி தந்தது, வேலை தந்தது, வீடு தந்தது. ஆனால் கடைத் தட்டின் முன்னால் நின்றபோதுதான் நானும் மற்றவர்களுக்குச் சமம் என்று உணர்ந்தேன். மற்ற இடங்களில் அந்த உணர்வு அவ்வளவு உறுதியாக வந்ததில்லை.

இங்கே விலைகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. வெளிநாட்டுச் சீஸ் மீது சுங்க வரியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து நாட்டில் மலிவாகக் கிடப்பது இங்கே யானை விலை. ஏன் இந்த அநியாயம் என்று ஆஸ்லாவைக் கேட்டேன். "வரி இல்லாவிட்டால் இந்த மலையடியில் ஒருவனும் மாடு வளர்க்கமாட்டான். பிறகு இங்கே யார் இருப்பது?" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த விடுமுறைக்கே காரை எடுத்துக்கொண்டு பின்லாந்துக்குப் போய், பெட்டி நிறைய மலிவு இறைச்சி வாங்கி வந்தார். அது வேறு கதை. ஆனால் எங்கள் தீவுக் கடையில் பால் தலைநகரில் என்ன விலையோ அதே விலைதான். கடை ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை. படகுக் கூலியை நிறுவனம் எங்கேயோ தன் தலையில் போட்டுக்கொள்கிறது. வாங்குகிறவனின் கண்ணுக்குக் கடல் தெரியாது.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நடுக்கடலில் கிடக்கும் நெடுந்தீவில் தெரியும். என் அக்கா கலியாணம் முடித்துப் போனது அங்கேதான். அத்தான் காலமான பிறகு, இறங்குதுறைக்குக் கிட்ட அவர் வைத்திருந்த கடையை அக்கா தனியே நடத்துகிறா. எனக்கென்று ஊரில் மிச்சமிருப்பது அவ ஒருத்திதான். போன தை மாதம் போனேன். ஒன்று கேட்பதற்காகவே போனேன்: மிச்சக் காலத்தை வந்து உங்களோடேயே இருக்கட்டுமா? விமானத்தில் முழுக்க அந்தக் கேள்வியை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

போனதும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று தோன்றியது. விடிந்ததும் அக்காவோடு கடைக்குப் போய், அவவின் மேசைக்குப் பின்னால் கிடக்கும் ஸ்டூலில் இருந்துகொள்வேன். தாகமெடுத்தால் எழும்பி, குளிர்ப்பெட்டியைத் திறந்து, சோடாவோ தண்ணீரோ எடுத்துக் குடிப்பேன். அவ திரும்பியும் பார்க்கமாட்டா. இதை வாசிக்கும் இளம் ஆட்களுக்காக இந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா தெற்கே ஒரு சிங்கள ஊரில் கடை வைத்திருந்தவர். தீவகத்துக் கடைக்காரக் குடும்பங்களில், வீட்டு ஆட்கள் கடையில் விலை கேட்பதில்லை, காசு நீட்டுவதுமில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் சித்தப்பா அப்பாவின் கடைக்கு வந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்தார். எடுத்து, மேசையில் சில்லறையை வைத்தார். காணிப் பிரச்சினை ஒன்று ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. அப்பா மேசை லாச்சியை இழுத்துத் திறந்து காசைப் போட்டு, மிச்சத்தை எண்ணிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டில் அம்மா அழுதா. சண்டை, சத்தம், ஒன்றுமில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் முறிந்துவிட்டார்கள் என்று கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நெடுந்தீவுக்கு இப்போது சுற்றுலா ஆட்கள் நிறைய வருகிறார்கள். காலைப் படகில் வந்து, குதிரை பார்த்து, கோட்டை பார்த்து, பின்னேரப் படகில் திரும்புகிறார்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் முதலில் தேடுவது தண்ணீர். அக்கா தண்ணீர்ப் போத்தலை அதில் அடித்திருக்கும் விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து விற்பா. தீவில் பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். நான் அங்கே நின்ற நாட்களில் ஒருநாள், ஒரு படகு ஆட்கள் கடைவாசலில் நிற்கிறார்கள். முன்னுக்கு நின்றது கொழும்பிலிருந்து வந்த ஒரு இளம் தகப்பன். தோளில் பிள்ளை, கையில் போன்.

"இதில இந்த விலைதானே போட்டிருக்கு? நீங்க எப்படிக் கூட எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"கடல் தாண்டி வாற சாமான் தம்பி" என்றா அக்கா.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மேல விக்கக் கூடாது எண்டு சட்டம் இருக்கு." போனை உயர்த்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். பிறகு அவருடைய பார்வை என் மேல் விழுந்தது. என் சப்பாத்து, என் தொப்பி, கழுத்தில் தொங்கிய கறுப்புக் கண்ணாடி. "அங்கிள், நீங்களும் வெளியில இருந்து வந்த ஆள் போல. நீங்களே சொல்லுங்க. போட்டிருக்கிற விலைக்கு மேல விக்க ஏலுமா?"

"சட்டப்படி ஏலாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி கேட்டதும் பதில் வந்தது. சவர்க்காரக் கட்டிக்காக வரிசையை நிறுத்தி வைத்தவனின் வாய் அது. அந்தத் தகப்பன் போனை இறக்கினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. போத்தலில் அடித்த விலையையே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தா. அவருக்குப் பின்னால் நின்ற எல்லோருக்கும் அதே விலைதான். அன்றைய படகுகள் போகுமட்டும் தண்ணீர் முழுவதும் நட்டத்தில் போனது. "தாங்ஸ் அங்கிள்" என்று அந்தத் தகப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் கடையைப் பூட்டும்போது நான்தான் தொடங்கினேன். நான் சொன்னது பிழையில்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன். "அவன் அந்தப் படத்தைக் கொண்டுபோய் எங்கயாவது குடுத்திருந்தா, ஊர்காவற்துறைக் கோர்ட்டுக் கூண்டில நீங்கள் ஏறி நிக்கவேணும் அக்கா. இந்த வயதில. தண்ணி வித்ததுக்கு."

"அப்ப நீ என்னைக் காப்பாத்திப்போட்டாய் எண்டு சொல்லுறாய்."

"வாங்கிற சனத்துக்கும் ஒரு உரிமை இருக்குத்தானே?"

அக்கா பூட்டில் வைத்த திறப்பை வெளியே எடுத்தா. "இந்தத் தண்ணி யாழ்ப்பாணத்தில ஏத்தேக்க ஒரு கூலி, குறிகட்டுவானில படகில ஏத்தேக்க ஒரு கூலி, படகுக்கு ஒரு கூலி, இஞ்ச இறக்கேக்க ஒரு கூலி. காத்தடிச்சுப் படகு ஓடாட்டி அங்க வெயிலில கிடக்கும். கொழும்புத் துறைமுகத்தில அரசாங்கம் வரி எடுக்குது, அதைப் பருப்பில சேக்கலாம், சீனியில சேக்கலாம், பெட்டியில விலையா அடிக்கலாம். குறிகட்டுவானில கடல் எடுக்கிற வரியை மட்டும் ஒருத்தரும் அடிக்கினமில்லை. போத்தலில விலை அடிச்சவனுக்குக் கடல் இருக்கிறது தெரியாது. அவனை விடு. உனக்குத் தெரியும்தானே?"

"படகுக் கூலி எண்டு தனியா ஒரு பலகையில எழுதித் தொங்கவிடுங்கோ. நோர்வேயில தபாலில எடுப்பிக்கிற சாமானுக்கு அப்பிடித்தான், ஏத்துகூலி வேற, சாமான் வேற."

"தொங்கவிட்டா அந்தப் பலகையைப் படம் எடுப்பான்" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவ சிரிக்கவில்லை. "நீ சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. அவன் உன்னை என்னெண்டு கேட்டவன்? வெளியில இருந்து வந்த ஆள், நீங்கள் சொல்லுங்கோ எண்டு கேட்டவன். நீ இது என்ர அக்கான்ர கடை எண்டு சொல்லேல்லை. அவன் கேட்டதுக்கு மறுமொழி சொன்னனீ."

அதன் பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம். சோறு போட்டா, மீன் போட்டா, இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டா. எல்லாம் வழமைபோலத்தான். ஆனால் நான் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டேன். இந்தத் தீவிலும் மரியாதைக்கு ஒரு முறை இருந்தது. அது என் கையை விட்டு எப்போது போனதென்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. சட்டத்தைப் பற்றி யோசித்தேன். மலையடியில் மனிதர் இருக்க வேண்டும் என்பதற்காகச் சீஸுக்கு வரி போடுகிற நாட்டில் நான் இருக்கிறேன். கடல் நடுவில் ஒரு கடை இருக்க வேண்டும் என்பதற்காக யாரும் இங்கே எதையும் போட்டதாகத் தெரியவில்லை. அதற்காக அந்தத் தகப்பன் பிழையா? பிள்ளைக்குத் தண்ணீர் வாங்க வந்தவர், அச்சடித்த விலையை நம்பினார். அவரிலும் பிழையில்லை. இப்படி இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டே இருக்க என்னால் முடியும். நின்று பார்ப்பவன் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

புறப்படுவதற்கு முதல் நாள் கேட்டேன். "அக்கா, நான் இஞ்சயே வந்து உங்களோட இருக்கட்டோ?"

அவ உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. "வா. ஆர் வேண்டாமெண்டது? வீடு சும்மாதானே கிடக்கு" என்றா. நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னா. "ஆனா கடைக்குள்ள இருக்காதை. வெளியில வாங்கு கிடக்குத்தானே, அதில இரு."

வெளியே கிடந்த வாங்கில், அந்த நீட்டு மர இருக்கையில், படகுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள்தான் இருப்பார்கள்.

மறுநாள் காலைப் படகு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். வழிக்கு வேண்டுமே என்று, எப்போதும் போலக் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். எடுத்துக்கொண்டு திரும்ப, அக்கா சொன்னா: "அதில என்ன போட்டிருக்கோ அதைத் தா."

பகிடி என்றுதான் நினைத்தேன். அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு வரும், வரும் என்று நின்றேன். வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன்.  அவ லாச்சியைத் திறந்து, தாளைப் போட்டு, மிச்சத்தை எடுத்து, போத்தலில் அடித்த விலைக்குச் சரியாக, என் உள்ளங்கையில் வைத்தா. நான் அப்பாவின் கடையில், அந்த நெருப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். அழுகை வந்தது. அறுபது கடந்தவன் கடைவாசலில் நின்று அழ முடியாது என்பதால் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

அப்போது அவ மேசைக்குக் கீழே குனிந்து, கடதாசியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து என் பையைத் திறந்து உள்ளே திணித்தா. ஒடியல் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த பனங்கிழங்கு, பனங்கட்டி. எனக்குக் கோபமும் இருந்தது. "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"விசர்க் கதை கதையாதை. படகு வெளிக்கிடப் போகுது, போ" என்றா.

தண்ணீரைக் கடலில் வைத்தே குடித்து முடித்தேன். வெறும் போத்தலைக் குறிகட்டுவானில் எறிந்திருக்கலாம். எறிய மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியது.

ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என்னை நிறுத்திப் பொட்டலத்தைப் பிரித்தார். காய்ந்த ஒடியலை எடுத்து மோந்து பார்த்தார். மரமா என்று கேட்டார். சாப்பாடு என்றேன். "இதன் பெறுமதி என்ன?"

"விலை இல்லை. அக்கா தந்தது."

"இனாம் என்பது சரி. கடையில் வாங்கியிருந்தால் எவ்வளவு?"

"கடையில் வைத்துத்தான் தந்தா" என்றேன். "அவவின் கடை. அவ என்னிடம் காசு எடுத்தது இதற்கு இல்லை, தண்ணீருக்கு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நீண்ட பயணத்தில் களைத்துப்போன கிழவன் என்று நினைத்திருக்க வேண்டும். பொட்டலத்தைத் திரும்பச் சுற்றி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கோ அவர் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்றிருந்தது. அந்தக் கணக்கை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஊருக்கு வந்து முதல் சனிக்கிழமை. வழமைபோலப் பையோடு கடைக்குப் போய், இயந்திரத்தின் முன்னால் நின்றேன். இந்த ஊர்ப் போத்தல்களை எல்லாம் அது விழுங்கியது. கடைசியாக நெடுந்தீவுப் போத்தலை வைத்தேன். அது சுழன்றது. அக்கா என்னிடம் எடுத்த விலை ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்து, மறைந்து, மறுபடி தெரிந்தது. இயந்திரம் அதைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டது. நான் மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளியது.

பின்னால் நின்றவர் ஆஸ்லாவ். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். குனிந்து போத்தலைப் பார்த்தார். "அது இங்கத்தையது இல்லை. அதற்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. அந்தக் கூடைக்குள் போட்டுவிடு."

"தெரியும்" என்றேன்.

"தெரிந்தும் ஏன் வைத்தாய்?"

"மரியாதைக்கு."

யாருடைய மரியாதைக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். இந்தமுறை அவர் கேட்கவில்லை. நான் போத்தலை எடுத்துக் குளிர்கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் தன்னுடையதைப் போடட்டும் என்று ஒதுங்கி நின்றேன்.